அமெச்சூர் வானொலியில் மோர்ஸ் தந்தி

அமெச்சூர் வானொலி என்பது, வருமானம் கருதாமல், வானொலி நுட்பத்தின் மீதுள்ள ஆர்வத்தால் தனிமனிதர்கள் அரசு உரிமம் பெற்று ஒருவரோடொருவர் தொடர்புகொள்ளும் சேவை. இதில் ஈடுபடுவோரை உலகெங்கும் ஹாம் என்பர். பேச்சு, கணினி வழித் தட்டச்சு, படம், செயற்கைக்கோள் வழித் தொடர்பு எனப் பல முறைகள் இதில் உண்டு. அவற்றுள் மூத்தது மோர்ஸ் தந்தி. ஹாம்கள் அதைச் சி.டபிள்யூ. என்று சுருக்கிச் சொல்வார்கள். தந்தி அலுவலகங்கள் மோர்ஸை என்றோ விட்டுவிட்டன. கப்பல்களின் ஆபத்துத் தொடர்பும் 1999 பிப்ரவரியில் முழுமையாகச் செயற்கைக்கோள், தானியங்கி முறைகளுக்கு மாறியது. இன்று நாள்தோறும் அதைக் கையால் அடித்துக் காதால் கேட்டுப் புழங்கும் பெருங்கூட்டம் ஹாம்கள்தான். உரிமத்துக்காகக் கட்டாயம் கற்ற காலம் பெரும்பாலான நாடுகளில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் புதியவர்கள் விரும்பி வந்து கற்கிறார்கள்.

குறிகளும் காலமும்

சாமுவேல் மோர்ஸும் ஆல்ஃபிரட் வெய்லும் உருவாக்கிய தந்தி முறை 1844இல் வாஷிங்டனுக்கும் பால்ட்டிமோருக்கும் இடையே இயங்கத் தொடங்கியது. இன்று வானொலியில் வழங்குவது, ஜெர்மனியின் ஃபிரெட்ரிக் கெர்க்கே 1848இல் திருத்தியமைத்த குறிகளிலிருந்து வந்த பன்னாட்டு வடிவம். 1865இல் பாரிஸில் கூடிய தந்தி மாநாடு அதை ஏற்றுக்கொண்டது.

குறிலையும் நெடிலையும் மாத்திரையால் அளக்கும் தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு மோர்ஸின் கணக்கு எளிதில் பிடிபடும். புள்ளிக்கு ஒரு மாத்திரை, கோட்டுக்கு மூன்று. ஓர் எழுத்துக்குள் குறிகளுக்கு நடுவே ஒரு மாத்திரை மௌனம், எழுத்துகளுக்கு நடுவே மூன்று, சொற்களுக்கு நடுவே ஏழு. ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் ‘இ’ எழுத்துக்கு ஒற்றைப் புள்ளி. அரிதாக வரும் ‘ஜே’ எழுத்துக்கு 13 மாத்திரை. வேகத்தை அளக்கப் ‘பாரிஸ்’ என்ற ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்துகளில் அனுப்பிப் பார்ப்பார்கள். பின்னால் வரும் இடைவெளியோடு அது சரியாக 50 மாத்திரை. நிமிடத்துக்கு 20 சொல் என்றால் ஒரு புள்ளி 60 மில்லிவினாடிதான் நீடிக்கும்.

அட்டவணையை வைத்துக் கண்ணால் மனப்பாடம் செய்வது மோர்ஸ் கற்க மிக மோசமான வழி. ஒலியைப் புள்ளியாகவும் கோடாகவும் மாற்றி, பிறகு எழுத்தைத் தேடுவதற்குள் அடுத்த எழுத்து வந்துவிடும். நிமிடத்துக்குப் பத்துச் சொல் அளவிலேயே பலர் திணறி நிற்பது இதனால்தான். 1930களில் ஜெர்மன் உளவியலாளர் லுட்விக் கோக் சொன்ன வழி இன்றும் சிறந்தது: முதல் நாளிலிருந்தே முழு வேகத்தில் இரண்டு எழுத்தை மட்டும் கேட்க வேண்டும், பத்துக்கு ஒன்பது சரியாக வந்த பிறகே மூன்றாவது எழுத்தைச் சேர்க்க வேண்டும். தேறியவருக்குப் புள்ளியும் கோடும் கேட்பதில்லை; சொற்கள்தான் கேட்கின்றன.

உரையாடல் சுருக்கங்களால் நடக்கிறது. ‘சி.கியூ.’ என்றால் யாராவது பதில் சொல்லுங்கள் என்ற பொது அழைப்பு. ‘கியூ.டி.எச்.’ இருக்குமிடத்தையும் ‘கியூ.எஸ்.பி.’ அலை ஏறி இறங்குவதையும் குறிக்கும். 73 என்ற எண் வாழ்த்து. இவற்றின் துணையால் ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத இருவரும் பெயர், ஊர், கருவி, வானிலை வரை பேசி முடிக்கலாம்.

ஏன் நிலைக்கிறது

காரணம் உணர்ச்சி மட்டுமன்று. இயற்பியலும் அதன் பக்கம் இருக்கிறது. ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் பேச்சை அனுப்ப ஏறக்குறைய 2,500 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். மோர்ஸுக்கு 150 ஹெர்ட்ஸ் போதும். ரிசீவரில் 250 ஹெர்ட்ஸ் வடிகட்டி வைத்தே வசதியாகக் கேட்கலாம். வடிகட்டியின் அகலம் பத்தில் ஒன்றாகும்போது உள்ளே வரும் இரைச்சலும் பத்தில் ஒன்றாகிறது. அதாவது 100 வாட் பேச்சு எங்கே தடுமாறுகிறதோ, அங்கே 10 வாட் மோர்ஸ் தெளிவாக ஒலிக்கும். பயின்ற காது இதற்கு மேலும் ஓரளவு இரைச்சலைப் பிரித்துத் தள்ளிவிடும்.

கருவியும் எளிமையாகிறது. அலையை நிறுத்தி நிறுத்தி விடுவதுதான் வேலை. குரலை அலையில் ஏற்றும் சுற்றுகள் எதுவும் தேவையில்லை. ஒரு படிகம், ஓரிரு டிரான்சிஸ்டர், சில காயில், கண்டென்சர் கொண்டு ஒரு மாலைப் பொழுதில் 7 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டரைச் சால்டர் வைத்துக் கட்டிவிடலாம். ஆன்டெனாவுக்கு 20 மீட்டர் கம்பி. நடுவில் வெட்டி, இரண்டு தென்னைகளுக்கு இடையே கட்டினால் போதும். 5 வாட்டுக்கு மேற்படாத ஆற்றலில் கண்டம் விட்டுக் கண்டம் தொடர்புகொள்வதையே நோக்கமாகக் கொண்ட ஹாம்கள் ஏராளம். தானே கட்டிய கருவி வழியே, அறியாத ஒருவர் தன் அழைப்புக் குறியைத் திருப்பி அடிக்கக் கேட்பதுபோன்ற மகிழ்ச்சி இப்பொழுதுபோக்கில் வேறில்லை.

சிற்றலையைக் கண்டறிந்தவர்கள்

1912இல் அமெரிக்கச் சட்டம் ஹாம்களை 200 மீட்டரும் அதற்குக் குறைந்ததுமான அலைநீளங்களுக்கு ஒதுக்கியது. நெடுந்தொலைவுக்கு நீண்ட அலையே வேண்டும், குறுகிய அலைகள் எதற்கும் உதவா என்பதே அன்றைய வல்லுநர்களின் நம்பிக்கை. 1914இல் ஹிராம் பெர்சி மாக்சிமும் கிளாரன்ஸ் டஸ்காவும் தொடங்கிய அமெரிக்க வானொலி அஞ்சல் கழகம் இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க முனைந்தது. 1921 டிசம்பரில் பால் காட்லி என்ற ஹாமை ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசனுக்கு அனுப்பியது. கடற்கரை வயலில் கூடாரம் போட்டு, நீண்ட கம்பியை இழுத்துக் கட்டிக் காத்திருந்த அவர், கனெக்டிகட்டின் கிரீனிச்சிலிருந்து வந்த 1பிசிஜி நிலையத்தின் மோர்ஸைக் கேட்டார். அந்த நிலையத்தைக் கட்டியவர்களில் வானொலிக் கண்டுபிடிப்பாளர் எட்வின் ஆர்ம்ஸ்டிராங்கும் ஒருவர். ஆற்றல் ஏறத்தாழ ஒரு கிலோவாட்.

1923 நவம்பரில் பிரான்சின் லியோன் டெலோயும் அமெரிக்காவின் ஃபிரெட் ஷ்னெலும் சுமார் 110 மீட்டரில் அட்லாண்டிக்கின் இரு கரையிலிருந்தும் பேசிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் லண்டனின் மில் ஹில் பள்ளி மாணவர் செசில் கோய்டர் நியூசிலாந்தின் ஃபிராங்க் பெல்லைத் தொட்டார். பூமியின் மறுபக்கம் ஒரு பள்ளிக்கூட நிலையத்துக்கு எட்டியது. பயனற்றது என்று கைகழுவப்பட்ட சிற்றலை, இக்காலத்தில்தான் அரசுகளின் கண்ணில் பட்டது.

இந்தியாவில் 1920களின் தொடக்கத்தில் கொல்கத்தாவில் இம்முயற்சி தலையெடுத்தது. சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முதலானோர் 1924இல் தொடங்கிய மதராஸ் மாகாண ரேடியோ சங்கம், அவ்வாண்டு ஜூலை 31இல் ஒலிபரப்பையும் தொடங்கியது. பணமின்றி அது 1927இல் நின்றபோது, கருவி மாநகராட்சிக்குக் கைமாறியது.

போர்க்காலக் காதுகள்

1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்டதும் பிரிட்டன் அரசு ஹாம்களின் டிரான்ஸ்மிட்டர்களைப் பறித்துக்கொண்டது. பிறகு அதே ஹாம்களின் வீட்டுக்கு இரகசியமாக ஆள் அனுப்பியது. ஜெர்மன் உளவுத்துறையின் மெல்லிய மோர்ஸ் அலைகளைக் கேட்டு எழுத, பயின்ற காதுகள் அதற்குத் தேவைப்பட்டன. தன்னார்வ இடைமறிப்பாளர் எனப்பட்ட சுமார் 1,500 பேர், பகலில் தம் தொழிலைப் பார்த்துவிட்டு, இரவில் கொல்லைப்புறக் கொட்டகைகளிலும் படுக்கையறைகளிலும் அமர்ந்து, பொருள் புரியாத எழுத்துத் தொகுதிகளைத் தாளில் இறக்கினார்கள். தாள்கள் ‘அஞ்சல் பெட்டி 25, பார்னெட்’ என்ற முகவரிக்குப் போயின. அவற்றிலிருந்த செய்திகளைப் பிரிட்டனின் மறைகுறி உடைப்பு மையமான பிளெச்லி பார்க் உடைத்தது. மோர்ஸ் அடிக்கும் ஒவ்வொருவர் கைக்கும் தனி நடை உண்டு. எதிரி அழைப்புக் குறியை மாற்றினாலும் அடிக்கும் ஆளை நடையைக் கொண்டே இவர்கள் இனங்கண்டார்கள். பல பத்தாண்டுகள் குடும்பத்தாரிடம்கூட வாய் திறக்காத இவர்களுக்கு வரலாறு இன்னும் போதிய இடம் கொடுக்கவில்லை.

கீயும் பழங்கருவிகளும்

அடிக்கும் கருவிகளில் எளியது நேர்க் கீ. மேலும் கீழும் அழுத்தினால் போதும். நாள் முழுதும் அழுத்திய தந்தி ஊழியர்களின் கை மரத்து வலித்ததால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹொரேஸ் மார்ட்டின் என்ற அமெரிக்கர் பக்கவாட்டில் தட்டும் வைப்ரோப்ளெக்ஸைக் கொண்டுவந்தார். கட்டைவிரலால் தள்ளினால் ஓர் அதிரும் தண்டு புள்ளிகளைத் தானே வரிசையாக அடிக்கும்; கோடுகளைக் கையால் அடிக்க வேண்டும். இன்று பரவலாக இருப்பது மின்னணுச் சுற்றோடு இணைந்த இரட்டைத் துடுப்புக் கீ.

பழைய ரிசீவர்களில் நேஷனல் நிறுவனத்தின் எச்.ஆர்.ஓ. தனி இடம் பெறுவது. 1935இல் வந்தது, போர்க்காலத்தில் பிரிட்டனின் இடைமறிப்பு நிலையங்களிலும் உழைத்தது. அலைவரிசை மாற்ற முகப்பின் கீழேயுள்ள காயில் பெட்டியையே இழுத்தெடுத்து வேறொன்றைச் செருக வேண்டும். வட்டு 0 முதல் 500 வரை எண் காட்டும். அதிர்வெண்ணைப் பெட்டியிலுள்ள வரைபடத்தைப் பார்த்தறிய வேண்டும். 1950களின் ராக்கல் ஆர்.ஏ.17, தென்னாப்பிரிக்கர் டிரெவர் வாட்லி வகுத்த சுற்றால், வால்வுக் காலத்திலேயே அலைவரிசை நழுவாமல் நின்றது.

இறக்குமதிக் கருவி எட்டாத உயரத்தில் இருந்த காலத்தில் இந்திய ஹாம்கள் போர் உபரிக் கருவிகளையும் 807 வால்வு வைத்துத் தாமே கட்டிய டிரான்ஸ்மிட்டர்களையும் நம்பியிருந்தனர். 2003இல் உலக வானொலி மாநாடு மோர்ஸ் தேர்வின் கட்டாயத்தை நீக்கியது. அமெரிக்கா 2007இல் கைவிட்டது. இந்தியா அதற்குப் பின்னும் பொது நிலை உரிமத்துக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் தேர்வு வைத்தது.

ஆண்டுதோறும் புத்தாண்டு நாளில் நேர்க் கீக்கென ஓரிரவு கொண்டாடப்படுகிறது. அமெரிக்கப் பழங்கருவிச் சங்கம் நடத்தும் இன்னொரு நிகழ்ச்சியில், 1929க்குள் வந்த வால்வுகளால் கட்டிய டிரான்ஸ்மிட்டர்களுக்கே இடம். அவற்றின் ஒலி கீயை அழுத்தும்போது சற்றே வழுக்கிக் குருவிபோல் கீச்சிடும். பழங்கருவி விரும்பிகள் அதைக் குறையாக எண்ணுவதில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதைவிட, இக்கருவிகளை மீண்டும் பேச வைப்பதே அவற்றுக்குச் செய்யும் மரியாதை. ஆனால் பல ஆண்டு கிடந்ததை நேரே மின்சாரத்தில் செருகக் கூடாது. மெழுகுக் காகிதக் கண்டென்சர்கள் கசியும். மின்பகுபொருள் கண்டென்சர்கள் காய்ந்திருக்கும். ரப்பர் உறைகள் உதிரும். மாற்ற வேண்டியவற்றை மாற்றி, மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும். தோற்றத்தைக் காக்க விரும்புவோர் புதிய கண்டென்சரைப் பழைய கூட்டுக்குள் ஒளித்து வைப்பார்கள். வால்வு டிரான்ஸ்மிட்டருக்குள் 600 வோல்ட் சாதாரணம். இணைப்பைத் துண்டித்த பிறகும் கண்டென்சரில் மின்னேற்றம் நிற்கும் என்பதால் அதை வெளியேற்றாமல் உள்ளே கை வைக்கலாகாது. ஆன்டெனாவில் இணைக்குமுன், செயற்கைச் சுமையில் இயக்கி, இன்னொரு ரிசீவரில் கேட்டு, அலை அமெச்சூர் பட்டைக்குள் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வால்வுகள் சூடேறி நிலைபெற அரை மணி நேரம் ஆகலாம்.