பழைய ஸ்பேனர், பாதி விலை

சென்னை சென்ட்ரல் பக்கத்திலிருந்து அரக்கோணம், கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் புறநகர் ரயில் ஏறுகிறவர்கள் கிளம்பும் நிலையத்துக்கு மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்று பெயர். அங்கே மார்க்கெட் எதுவும் இல்லை. 1985 வரை அந்த இடத்தில் நின்ற சிவப்புக் கட்டடத்தின் பெயர் மட்டும் பலகையில் தங்கிவிட்டது. திருப்புளி ஒன்று வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன எத்தனையோ குடும்பஸ்தர்கள், திருப்புளியோடு ஒரு ஸ்பேனர், ஓர் அரம், யாரோ ஒரு துரையின் பெயர் பொறித்த உளி என்று செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்து, "இதெல்லாம் எதுக்கு இப்போ?" என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் விழித்ததெல்லாம் அந்தக் கட்டடத்தின் புண்ணியம்.

கட்டடம் எழுந்த காரணம் வேறு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிராட்வேயில் இருந்த பாப்ஹாம் மார்க்கெட் நெரிசலும் நாற்றமுமாகக் கிடந்தது. புதிதாக ஒன்று வேண்டும் என்று மாநகராட்சி முடிவெடுத்து, அதன் தலைவர் சர் ஜார்ஜ் மூர் 1898இல் அடிக்கல் நாட்டினார். ஆர். இ. எல்லிஸ் வடிவமைத்தார்; ஏ. சுப்பிரமணிய ஐயர் கட்டினார். 1900இல் ஆளுநர் சர் ஆர்தர் ஹேவ்லாக் திறந்துவைத்தார். இந்தோ சராசனிக் பாணி, சுமார் 40,000 சதுர அடி. காய்கறியும் இறைச்சியும் பூவும் சுத்தமான இடத்தில் விற்க வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் நகரம் மூர் மார்க்கெட்டை நினைவில் வைத்திருப்பது கத்திரிக்காய்க்காக அல்ல.

அமைந்த இடம் அப்படி. பக்கத்தில் சென்ட்ரல் ஸ்டேஷன். ஒட்டினாற்போல பீப்பிள்ஸ் பார்க், அதற்குள் மிருகக்காட்சிசாலை. வெளியூரிலிருந்து பட்டணம் பார்க்க வந்தவர்களுக்குச் 'செத்த காலேஜ்' எனப்பட்ட எழும்பூர் மியூசியம், 'உயிர் காலேஜ்' எனப்பட்ட மிருகக்காட்சிசாலை இரண்டையும் முடித்துவிட்டால் அடுத்தது மூர் மார்க்கெட்தான். ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, பையில் கொஞ்சம் காசும் இருக்கிறது என்கிற மனநிலையில் வருகிற கூட்டம். அந்தக் கூட்டத்துக்குப் பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கடிகாரம், கூண்டுப் பறவை, பீங்கான் பொம்மை என எதையும் விற்க முடிந்தது.

இரும்புச் சாமான் கடைகள் இந்த வரிசையில் அழகு குறைந்தவை. தரையில் சாக்கு விரிப்பு; அதன்மேல் குவியலாக ஸ்பேனர்கள், குறடுகள், கீல்கள், தாழ்ப்பாள்கள், சாவி தொலைந்த பூட்டுகள், பூட்டு தொலைந்த சாவிகள். வாங்க வருகிறவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கிளற வேண்டும். கை கறுத்துப்போகும். ஷெஃபீல்டு என்றோ சோலிங்கன் என்றோ ஒரு முத்திரை துருவுக்கு அடியில் தென்பட்டால், அதைக் கண்டுகொண்டதாக முகத்தில் காட்டக் கூடாது. காட்டினால் விலை ஏறிவிடும்.

பேரம் பற்றிய கதைகள் ஏராளம். கடைக்காரர் பத்து ரூபாய் என்பார். விஷயம் தெரிந்தவர் இரண்டரை என்று ஆரம்பிப்பார். கேட்டுவிட்டு வாங்காமல் நகர்ந்தால் முதுகுக்குப் பின்னால் வந்து விழும் வசவில் மூன்று தலைமுறையும் இடம்பெறும். காலையில் போணிக்கு முன்னால் விலை கேட்டுவிட்டுக் கைவிரிப்பது இன்னும் பெரிய குற்றம். ஏமாந்தவர்களும் உண்டு. அட்டையில் அடிப்பாகம் வைத்துப் பாலிஷ் போட்ட செருப்பு, வெளியே மட்டும் மினுங்கும் கடிகாரம் என்று சென்னைவாசிகள் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். கருவிக் கடைகளில் அந்த வித்தை அவ்வளவாகச் செல்லாது. இரும்பில் பொய் சொல்வது கடினம்; தட்டினால் சத்தம் காட்டிக் கொடுத்துவிடும்.

மூர் மார்க்கெட்டுக்கும் முந்தியது பார்க் டவுன் பக்கத்துக் குஜிலி பஜார். மாலையில் கூடுகிற சந்தை. ஈவினிங் பஜார் ரோடு என்ற பெயரில் அதன் சுவடு இன்றும் இருக்கிறது. இங்கே விற்ற மலிவுப் பாட்டுப் புத்தகங்களைப் பற்றி ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்று ஒரு நூலே எழுதியிருக்கிறார். அந்தி வெளிச்சத்தில் கைமாறும் சாமான் யாருடையது என்று கேட்பது அங்கே மரியாதை இல்லை என்று ஊரில் பேச்சு. திருட்டுப் பொருளைத் தெரிந்தே வாங்குவதை 1860இன் இந்திய தண்டனைச் சட்டம் 411ஆம் பிரிவில் குற்றமாக்கியிருந்தது. அதை அறிந்த கனவான்களும் அந்தப் பக்கம் நடந்து போகாமல் இருந்ததில்லை.

எல்லாமே திருட்டுச் சாமான் என்று நினைப்பது அநியாயம். சரக்கு வரும் வழிகள் பல. பெரம்பூரில் 1856லிருந்தே ரயில்வே பட்டறை ஓடியது. பிறகு மில்கள், மோட்டார் கம்பெனிகள், 1958இல் கிண்டி தொழிற்பேட்டை. ஃபிட்டரும் டர்னரும் தச்சரும் நிறைந்த ஊரில் கருவிகள் புழங்கின. ஓய்வு பெற்றவரின் பெட்டியும் இறந்தவரின் பெட்டியும் ஒருநாள் எடைக்குப் போயின. 'பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று தெருவில் கூவி வந்தவரின் சாக்கு காயலான் கடையில் கவிழ்ந்தது. அங்கே தரம் பிரிக்கப்பட்டு, உருக்கப் போகாதவை சாக்கு விரிப்புக்கு வந்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அரசாங்கம் ராணுவ உபரிச் சரக்கை ஏலம் விட்டது. 'டிஸ்போசல்ஸ்' என்று பெயர் பெற்ற அந்தச் சாமான்கள் நாடு முழுக்கப் பல ஆண்டுகள் சந்தைகளில் சுற்றின. வெள்ளைக்காரர்கள் ஊர் திரும்பியபோது விட்டுச் சென்ற வீட்டுச் சாமான்களும் ஏலக் கடைகள் வழியாகவே கைமாறின.

ஏலக் கடை என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மெட்ராஸில் பேர்போன ஏல நிறுவனம் மர்ரே அண்டு கம்பெனி. அதன் உரிமையாளர் எஸ். ராஜம் 1950களில் கம்பராமாயணத்தையும் சங்க நூல்களையும் அறிஞர்களைக் கொண்டு பதம் பிரித்து, மலிவு விலையில் பதிப்பித்தார். தமிழ் வாசகர்கள் 'மர்ரே ராஜம் பதிப்பு' என்று இன்றும் தேடுவது அதைத்தான். பழைய நாற்காலியும் அலமாரியும் விற்ற ஒரு கம்பெனியின் பெயர் எட்டுத்தொகையின் முகப்பில் ஏறியது. சென்னையின் பழஞ்சாமான் வியாபாரத்துக்கு இதைவிடப் பெரிய கௌரவம் கிடைத்ததாகத் தெரியவில்லை.

பழைய கருவிக்கு ஏன் இத்தனை மவுசு? சுதந்திரத்துக்குப் பின் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகள் ஒரு காரணம். வெளிநாட்டுக் கருவி புதிதாகக் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் குமாஸ்தா சம்பளத்துக்கு எட்டாது. இன்னொரு காரணம் வீட்டிலேயே இருந்தது. சுவரில் ஒரு சாமி படம் மாட்ட வேண்டுமென்றால் உளியால் செங்கல்லைக் கொத்தி, மரக்கட்டையைச் சீவி இறுக்கி அடித்து, அதன்மேல் ஆணி ஏற்ற வேண்டும். சைக்கிளுக்கு வாரம் ஒரு கோளாறு. திரி ஸ்டவ், குழாய் வாஷர், தையல் மிஷின், ஃபியூஸ் கட்டை ஒவ்வொன்றுக்கும் ஆள் கூப்பிட்டால் கட்டுப்படியாகாது. ஆக, பரண்மேல் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் எண்ணெய்த் துணியில் சுற்றிய நாலைந்து கருவிகள். மாதக் கடைசியில் அரை விலைக்குக் கிடைத்த ஸ்க்ரூ ஸ்பேனரை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, மறுநாள் துரு விட்டுப்போய் அதன் திருகு லேசாகச் சுழலும்போது கிடைக்கிற சந்தோஷத்துக்குப் புதுச் சாமான் ஈடாகாது என்பதை அந்தத் தலைமுறை அறியும். சிக்கனம் என்பது அவர்கள் மனைவியிடம் சொன்ன காரணம்.

1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. ரயில் நிலையத்தை விரிவாக்க ரயில்வே அந்த இடத்தின் மீது ஏற்கெனவே கண் வைத்திருந்ததால், தீ தானாகப் பிடித்ததா என்ற சந்தேகம் வியாபாரிகள் மத்தியில் எழுந்தது. ஊர்ப் பேச்சில் அது இன்றும் அடங்கவில்லை. எரிந்த சுவர்களை இடித்துவிட்டு ரயில்வே வளாகம் கட்டினார்கள். அதே ஆண்டில் மிருகக்காட்சிசாலையும் வண்டலூருக்குப் போயிற்று. வியாபாரிகளுக்குப் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகம் கிடைத்தது. பழைய புத்தகக் கடைகள் அங்கே தாக்குப்பிடித்தன. ஆனால் மூர் மார்க்கெட்டின் கூட்டம் அங்கே வரவில்லை. மாடிப்படி ஏறிப் போய்ப் பார்க்க வேண்டிய கடையில், தற்செயலாக எதுவும் கண்ணில் படாது. பழஞ்சாமான் வியாபாரம் பாதி நடப்பதே தற்செயலால்தான்.

வியாபாரம் சாகவில்லை, சிதறியது. மோட்டார் உதிரிபாகம் தேடுகிறவர்களுக்குப் புதுப்பேட்டை; எலெக்ட்ரானிக்ஸ் சாமானுக்கு ரிச்சி தெரு. கைக்கருவிகளைக் குவித்து வைத்து விற்கும் பழைய சுகம் வேண்டுமென்றால் பல்லாவரம் வெள்ளிச் சந்தைக்குப் போக வேண்டும். ஒரு காலத்தில் மாட்டுச் சந்தையாக இருந்தது அது. இப்போது பழைய டிரங்க் ரோட்டில் செடி, புறா, துணி, உடைந்த கம்ப்யூட்டர் ஆகியவற்றுக்கு நடுவே ஸ்பேனர்களும் டிரில்லிங் மிஷின்களும் விரிப்பில் கிடக்கின்றன. இணையத்தில் புத்தம் புது டிரில்லிங் மிஷின் சில ஆயிரத்துக்குள் வீடு தேடி வருகிற காலத்திலும் அங்கே கூட்டம் குறைந்தபாடில்லை.

முதல்முறை போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கட்டிங் பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள்; வெட்டும் வாய்களுக்கு இடையே ஒளி தெரிந்தால் வேண்டாம். ஸ்க்ரூ ஸ்பேனரின் தாடையை ஆட்டிப் பாருங்கள். சாணை பிடித்த திருப்புளி, உளி நுனியில் நீலம் பாரித்திருந்தால் பதம் போய்விட்டது என்று பொருள். அரம் மினுமினுத்தால் பல் தேய்ந்திருக்கிறது. சுத்தியலின் பிடி உடைந்திருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். தலையை மட்டும் பார்த்து வாங்குங்கள், பிடி பிறகு போட்டுக்கொள்ளலாம். மின்கருவி எதையும் ஓட்டிக் காட்டாமல் வாங்காதீர்கள். சில்லறையாகப் பணம் கொண்டு போங்கள், காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறுவதற்குள் நல்ல இரும்பெல்லாம் தச்சர்களும் மெக்கானிக்குகளும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.