கடலுக்குக் கயிறு கட்டியவர்கள்

மனிதனை மனிதன் ஒதுக்கி வைக்க மதிற்சுவர்தான் வேண்டுமென்பதில்லை. நகரசபைத் தீர்மானம் ஒன்று போதும்! பொதுநன்மை என்னும் பட்டாடை போர்த்தி வரும் அநீதியை அடையாளங் காண, அமெரிக்கக் கடற்கரைகளின் வரலாற்றை நாம் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு அருகே மான்ஹாட்டன் பீச் என்றோர் ஊர். 1912-ஆம் ஆண்டில் வில்லா புரூஸ் என்ற கறுப்பினப் பெண்மணி அங்கே கடலோர மனையொன்றை வாங்கினார். கணவர் சார்லஸ், புகைவண்டியில் சமையற்காரர். பசிபிக் கடல் பரந்து கிடந்தது. ஆனால், கறுப்பர் கால் நனைக்கக் கரை கிடைப்பதே அரிது! அக்குறை தீர அங்கே உணவு விடுதி எழுந்தது. நடனக் கூடம் எழுந்தது. குளியல் உடைகள் வாடகைக்குக் கிடைத்தன. மக்கள் திரண்டு வந்தனர். அண்டையிலிருந்த வெள்ளையர் நெஞ்சிலோ அனல் மூண்டது.

கரையோர நிலத்திற்கு உடைமையாளர் ஒருவர் கயிறு கட்டினார். 'உள்ளே வராதே' என்று பலகை நட்டார். கண்ணெதிரே தெரிந்த கடலைத் தொட, வந்தவர்கள் அரை மைல் சுற்றி நடந்தனர். நடந்தனரேயன்றி, வருவதை நிறுத்தினாரில்லை.

கயிற்றால் ஆகாததைக் காகிதத்தால் முடிக்க முன்வந்தது நகர ஆட்சி. 1924-இல் தீர்மானம் நிறைவேறிற்று: புரூஸ் குடும்பத்தாரின் மனைகளும் அக்கம்பக்கத்து மனைகளும் பூங்கா அமைக்கத் தேவையாம், ஆகவே, கட்டாயமாகக் கையகப்படுத்தப்படுமாம்! குடும்பத்தார் வழக்காடினர். அவர்கள் கேட்டது 1,20,000 டாலர். கிடைத்தது 14,500 டாலர். பூங்கா எங்கே? பல்லாண்டுகள் அவ்விடம் வெற்று நிலமாகவே கிடந்தது. பூங்கா வேண்டுமென்று கறுப்பரை அகற்றினார்களா? கறுப்பரை அகற்ற வேண்டுமென்று பூங்காவைப் பேசினார்களா?

விடை 1927-இல் வெளிப்பட்டது. கடற்கரையைத் தனியார் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டது நகர ஆட்சி. குத்தகைத் தொகை எவ்வளவு? ஒரே ஒரு டாலர்! பொதுமணல் தனிமணலாயிற்று, நுழைந்தவர் குற்றவாளியாயினர். கறுப்பின மக்களின் தேசிய முன்னேற்றச் சங்கத்தார் அஞ்சவில்லை. கடலில் இறங்கினர், கைதாயினர். அவர்களுள் ஒருவர் கிளாட் ஹட்சன். முடிவில் குத்தகை கைவிடப்பட்டது, கடற்கரை திறந்தது. ஆனால், பறித்த மனைகள் திரும்பவில்லை. 2022-இல்தான் லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட ஆட்சி அவற்றை வாரிசுகளிடம் ஒப்படைத்தது. அடுத்த ஆண்டே, ஏறத்தாழ 2 கோடி டாலருக்கு வாரிசுகள் அவற்றை அதே ஆட்சிக்கு விற்றனர். தீர்மானத்திற்கும் திருத்தத்திற்கும் இடையே 98 ஆண்டுகள்! வில்லாவும் சார்லசும் அதைக் காண இல்லை.

நிலத்தைக் கொண்டு ஒதுக்கியது ஒரு முறை. கட்டணத்தைக் கொண்டு ஒதுக்குவது மற்றொன்று. கடற்கரையைத் துப்புரவாக வைக்கவும், நீரில் தவிப்போரைக் காப்பவர்க்கு ஊதியம் தரவும் பணம் வேண்டும். கட்டணம் வாங்குவது குற்றமன்று. நியூ ஜெர்சி மாநிலத்து ஏவன் நகரம் 1970-இல் என்ன செய்தது? கோடைக்காலம் முழுதும் செல்லும் அனுமதி வில்லையை உள்ளூராருக்கு மட்டுமே விற்பதென விதித்தது. இங்கே நிறம் பேசவில்லை, குடியிருப்பு பேசிற்று. அண்டை நகரமான நெப்டியூன் சிட்டி வழக்குத் தொடுத்தது. 1972-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: கட்டணம் வாங்கலாம்; உள்ளூராருக்கொன்று, வெளியூராருக்கொன்று என வேற்றுமை காட்டலாகாது. கடலும் அலை தொடும் நிலமும் மக்கள் அனைவர்க்குமாக அரசு காக்கும் பொறுப்புச் சொத்து என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை.

தோழர்களே! மேடையில் முழங்கும் வெறியனை எவரும் எளிதில் அறிவர். மேசையில் அமர்ந்து விதி எழுதுபவனை அறிய நாம் படிக்க வேண்டும். பூங்கா என்றால், எப்போது என்று கேட்போம். குத்தகை என்றால், எவருக்கு, என்ன தொகைக்கு என்று கேட்போம். கட்டணம் என்றால், எல்லார்க்கும் ஒன்றா என்று கேட்போம். கேட்பாரின்றி நிறைவேறிய ஒரு தீர்மானத்தைத் திருத்த, மூன்று தலைமுறை காத்திருக்க நேர்ந்தது!