காரணம் கற்பித்தல் பிழை

ஒருவர் செய்த செயலுக்கு அவருடைய குணமே காரணம் என்று முடிவுகட்டி, அப்போது அவர் இருந்த நிலைமையைக் கணக்கில் எடுக்கத் தவறும் மனப்போக்கு காரணம் கற்பித்தல் பிழை எனப்படும். பேருந்தில் இடித்துக்கொண்டு இறங்குபவரை முரடர் என்று உடனே நினைத்துவிடுகிறோம். மருத்துவமனைக்கு ஓடுகிறாரோ என்று நினைப்பதில்லை. இதை ‘அடிப்படை’ப் பிழை என்று 1977இல் அழைத்தவர் அமெரிக்கச் சமூக உளவியலாளர் லீ ராஸ்.

பெயர் வருவதற்குப் பத்தாண்டு முன்பே எட்வர்ட் ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் இருவரும் இதைச் சோதித்திருந்தனர். கியூபாவின் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளை மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுதுவது என்பது எழுதியவரின் விருப்பமல்ல, அவருக்கு இடப்பட்ட பணி என்று சொன்ன பிறகும், ஆதரித்து எழுதியவர் மனத்தளவிலும் ஆதரவாளராகத்தான் இருப்பார் என்றே படித்தவர்கள் கருதினர்.

நிலைமை மனிதரை எவ்வளவு ஆட்டிவைக்கும் என்பதைப் பிரின்ஸ்டனில் ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் நடத்திய சோதனை (1973) காட்டியது. இறையியல் மாணவர்கள் உரையாற்ற அடுத்த கட்டடத்துக்கு அனுப்பப்பட்டனர். வழியில் ஒருவர் முனகியபடி சரிந்து கிடந்தார். நேரம் மிச்சமிருந்தவர்களில் 63 சதவீதத்தினர் உதவினர். மிகுந்த அவசரத்தில் இருந்தவர்களில் 10 சதவீதத்தினரே நின்றனர். சிலர் பேசப் போனது, வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவியவரைச் சொல்லும் பைபிளின் நல்ல சமாரியன் உவமையைப் பற்றி. அதுவும் அவர்களைப் பெரிதாக நிறுத்திவிடவில்லை.

பிறருக்குச் சந்தேகத்தின் பலனை அளிப்பது நல்ல மனம் இருந்தால் தானாக வந்துவிடும் என்பது பொது நம்பிக்கை. டேனியல் கில்பர்ட் குழுவினரின் 1988 ஆய்வு வேறு கதை சொல்கிறது. ஒலியில்லாத காணொளியில் ஒரு பெண் பதற்றமாகப் பேசுகிறார். அவர் பேசும் கூச்சம் தரும் தலைப்புகள் திரையில் எழுத்தாக வருகின்றன. சும்மா பார்த்தவர்கள் அதைக் கருதி அவருக்குச் சலுகை கொடுத்தனர். அந்தத் தலைப்புகளை மனப்பாடம் செய்யச் சொல்லப்பட்டவர்களோ, அவரைச் சுபாவத்திலேயே பதற்றக்காரர் என்றனர். அவருக்குச் சாதகமான சான்றை வாய்க்குள் உருப்போட்டுக்கொண்டே தீர்ப்பு எழுதினார்கள்! குணத்தை முடிவுசெய்வது நொடியில் நடக்கிறது. நிலைமையை எண்ணித் திருத்திக்கொள்வது அதற்குப் பின்னால் வரும் வேலை, அதற்கு மனத்தில் இடம் வேண்டும்.

‘அடிப்படை’ என்ற அடைமொழி சற்று மிகை என்றே படுகிறது. சிகாகோவிலும் மைசூரிலும் ஜோன் மில்லர் நடத்திய ஆய்வில் (1984), அமெரிக்கப் பெரியவர்கள் குணத்தையும், இந்துப் பெரியவர்கள் சூழலையும் கூடுதலாகச் சுட்டினர். சிறுவர்களிடம் இந்த வேறுபாடு பெரிதாக இல்லை; வயது ஏற ஏறத்தான் விரிந்தது.

அவ்வாய்வில் மைசூர்க்காரர் ஒருவர் கூறிய நிகழ்வு பலமுறை எடுத்தாளப்படுகிறது. மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் வெடித்து, பின்னால் இருந்தவர் விழுந்து தலையில் அடிபட்டார். ஓட்டியவர் ஒரு வழக்கறிஞர். அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்த்தவர், காயத்தின் கடுமையை மருத்துவரிடம் விசாரிக்காமல் நீதிமன்றத்துக்குப் போய்விட்டார். அடிபட்டவர் இறந்துபோனார். வழக்கறிஞர் பொறுப்பற்றவர் என்பது இதைக் கேட்ட அமெரிக்கர்களின் விளக்கம். நிகழ்வைச் சொன்ன மைசூர்க்காரரும் அவர் செய்தது தவறு என்றுதான் சொன்னார். ஆனால் கட்சிக்காரருக்காக நீதிமன்றத்தில் நிற்பது அவர் கடமை, குழம்பிப் போயிருக்கலாம், காயம் பார்வைக்குச் சிறிதாகத் தெரிந்திருக்கலாம் என்று காரணங்களையும் அடுக்கினார்.