சஹாரா: 127 லாரி காகிதமும் திரும்பாத பணமும்

2001 முதல் 2013 வரை இந்திய கிரிக்கெட் வீரர்களின் சட்டையில் இருந்த பெயர் சஹாரா. அந்தக் குழுமத்திடமிருந்து பணத்தைத் திரும்ப வாங்கப் பட்ட பாடு ஒரு தனிக்கதை.

2008-லும் 2009-லுமாக சஹாராவின் இரண்டு கம்பெனிகள், பின்னால் பங்காக மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிக் கடன் பத்திரங்களை விற்க ஆரம்பித்தன. சுமார் மூன்று கோடி பேரிடம் வசூலான தொகை ஏறத்தாழ 24,000 கோடி ரூபாய். பெரும்பாலும் சிறுகச் சிறுகச் சேமித்தவர்கள், ஊர் ஏஜெண்டை நம்பிக் கொடுத்தவர்கள்.

கேட்டால், "இது தெரிந்தவர்களுக்குள் நடக்கும் தனிப்பட்ட விற்பனை, செபிக்கு வேலையில்லை" என்றார்கள். கம்பெனிச் சட்டம் படித்த நண்பர்களுக்குத் தெரியும், 1956-ம் வருடச் சட்டத்தின் 67-வது பிரிவுப்படி 50 பேர் அல்லது அதற்கு மேல் போய்விட்டால் அது பொது வெளியீடு. மூன்று கோடி பேர் எப்படித் தெரிந்தவர்கள் ஆனார்களோ, அந்த சூட்சுமம் சஹாராவுக்கே வெளிச்சம்!

இன்னொரு சஹாரா கம்பெனி பங்குச்சந்தைக்கு வர மனு போட்டபோதுதான் செபிக்கு இந்த விஷயம் தெரிய வந்தது. 2011 ஜூனில் செபி பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் வரை போய், 2012 ஆகஸ்ட் 31-ல் தீர்ப்பு வந்தது. 15 சதவீத வட்டியோடு எல்லாவற்றையும் செபியிடம் கட்ட வேண்டும், முதலீட்டாளர் விவரங்களையும் ஒப்படைக்க வேண்டும்.

விவரம்தானே? 127 லாரிகளில் காகிதத்தை ஏற்றி மும்பைக்கு அனுப்பிவிட்டார்கள். வைக்க இடம் தேடுவதே செபிக்குப் பெரும்பாடாகிவிட்டது. பணத்தில் மட்டும் 5,120 கோடி கட்டிவிட்டு, மீதியை ஏற்கெனவே மக்களிடம் கொடுத்துவிட்டோம், அதுவும் பெரும்பாலும் ரொக்கமாக, என்று சாதித்தார்கள். நீதிமன்றம் நம்பவில்லை. தலைவர் சுப்ரதா ராய் 2014 மார்ச்சில் திகார் சிறைக்குப் போனார். ஜாமீன் விலை 10,000 கோடி! லண்டன், நியூயார்க் ஹோட்டல்களை விற்கப் பேரம் பேசுவதற்காகச் சிறைக்குள்ளேயே அவருக்கு அறை ஒதுக்கப்பட்டது. 2016 மே மாதம் தாயார் இறந்தபோது பரோலில் வெளியே வந்தார்.

இனிமேல்தான் வேதனையான பகுதி. செபி வசூலித்துப் போட்ட பணம் வட்டியோடு 25,000 கோடியைத் தாண்டியது. ஆனால் விளம்பரம் கொடுத்து அழைத்தும் கேட்டு வந்தவர்கள் மிகக் குறைவு. 2018 ஜூலை 2-க்குப் பிறகு மனு வாங்குவதும் நின்றது. மொத்தமாகத் திருப்பிக் கொடுத்தது சுமார் 138 கோடி. அதில் பாதி வட்டி.

மூன்று கோடி பேரும் எங்கே? பலர் போலிப் பெயர்கள் என்றது ஒரு கட்சி, ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள் என்றது சஹாரா. கிராமத்தில் ஒரு ரசீதை மட்டும் வைத்திருப்பவருக்கு மும்பை அலுவலகத்துக்கு மனு போடத் தெரியாமலும் போயிருக்கலாம், அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

2023 மார்ச்சில் அந்தப் பணத்திலிருந்து 5,000 கோடியை, சஹாராவின் நான்கு கூட்டுறவு சங்கங்களில் போட்டு ஏமாந்தவர்களுக்குக் கொடுக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. ஜூலையில் இணையத்தில் மனுக்கள் வாங்க ஆரம்பித்தார்கள். எவ்வளவு போட்டிருந்தாலும் முதல் தவணையாக ஆளுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். அந்த நவம்பர் 14-ல் சுப்ரதா ராய் இறந்துபோனார்.