பெடாகுயிலின்: அடைப்பா, கசிவா?

காசநோய்க் கிருமியின் ஆற்றல் உற்பத்தியைப் பெடாகுயிலின் என்ற மருந்து முடக்குகிறது என்பதில் ஐயமில்லை. எப்படி முடக்குகிறது என்பதில்தான் கருத்து வேறுபாடு. புரோட்டான்கள் சவ்வைக் கடந்து உள்ளே வரும் விசையில் சுழன்று ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறை ஆக்கும் ஏடிபி சிந்தேஸ் நொதியின் சுழற்சியை மருந்து அடைத்து நிறுத்துகிறது என்ற விளக்கம் 2005இல் வந்தது. அண்மைக் காலத்தில் இன்னொரு விளக்கம் வலுப்பெற்றுள்ளது: மருந்து சவ்வின் புரோட்டான் வேறுபாட்டைக் கசியவிட்டே கிருமியைக் கொல்கிறது என்பது. இந்த இரண்டாம் விளக்கம் தன் சான்று தாங்குவதைவிட அதிகமாகச் சொல்கிறது.

அதன் முக்கிய அடித்தளம் ஒரு சோதனை முடிவு. மருந்து சேர்த்ததும் கிருமியின் ஆக்சிஜன் நுகர்வு குறையவில்லை, கூடியது. மைட்டோகாண்ட்ரியாவில் ஒலிகோமைசின் இதே நொதியை அடைத்தால் நேர்மாறாக நடக்கும். மதகை மூடினால் நீர் தேங்கி வரத்தையே எதிர்த்துத் தள்ளுவதுபோல், வெளியே தேங்கிய புரோட்டான்கள், எலக்ட்ரான்களை ஆக்சிஜனுக்குக் கடத்தியபடி புரோட்டான்களை வெளியேற்றும் சுவாசச் சங்கிலியை மெதுவாக்கிவிடும். டைநைட்ரோஃபீனால் போன்ற கசிவுப் பொருள்களோ நுகர்வைக் கூட்டும். ஆகவே பெடாகுயிலினும் கசிவுப் பொருளே என்று இந்த விளக்கத்தை முன்வைத்தோர் முடிவு கட்டினார்கள்.

நுகர்வு கூடியது உண்மை. அதிலிருந்து பெற்ற முடிவுதான் நிற்கவில்லை.

புரோட்டான் அழுத்தம் எதிர்த்துத் தள்ள வேண்டுமென்றால், எலக்ட்ரான் செல்லும் வழியில் புரோட்டானை வெளியேற்றும் நொதி இருக்க வேண்டும். காசநோய்க் கிருமியில் எலக்ட்ரான்கள் பெரும்பாலும் நுழையும் வாயிலான என்டிஎச்-2 புரோட்டானை வெளியேற்றாது. ஆக்சிஜனைச் சேரும் மறுமுனையில் இரண்டு வழிகள் உண்டு. பிசிசி-ஏஏ3 கூட்டமைப்பு புரோட்டானை வெளியேற்றும். சைட்டோகுரோம் பிடி அப்படி வெளியேற்றுவதில்லை. நொதி அடைபட்டு ஏடிபி சரியும்போது, எதிரழுத்தம் குறைந்த பிடி வழியாக எலக்ட்ரான்கள் ஆக்சிஜனை எட்ட முடியும். எவ்வளவு பங்கு அப்படித் திரும்பும் என்பது வளர்சூழலைப் பொறுத்து மாறலாம். ஆனால் நுகர்வு கூடுவதற்குக் கசிவு தேவையில்லை என்று காட்ட இந்த ஒரு மாற்றுவழியே போதும். எலி ஈரலின் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் பொருந்தும் விதியை, கிளைபிரிந்த சங்கிலி கொண்ட பாக்டீரியாவுக்கு அப்படியே பொருத்தியதுதான் பிழை. பிடி நொதி நீக்கப்பட்ட கிருமிகள் பெடாகுயிலினுக்கு மிக எளிதில் மடிகின்றன என்ற 2014ஆம் ஆண்டு முடிவும் இதனோடு ஒத்துப்போகிறது.

மரபணுச் சான்று இன்னும் தெளிவானது. 2005இல் கண்ட எதிர்ப்புப் பிறழ்வுகள் நொதியின் சி துணையலகில் அமைந்திருந்தன: காசநோய்க் கிருமியில் 63ஆம் இடத்து அலனின் புரோலினாகவும், மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸில் 32ஆம் இடத்து அஸ்பார்ட்டேட் வாலினாகவும் மாறியிருந்தன. மருந்து சவ்வெங்கும் அலைந்து புரோட்டானைக் கடத்துவதாக இருந்தால், ஒரு புரதத்தின் ஓர் அமினோ அமிலம் மாறியதால் கிருமி தப்பியிருக்காது. கசிவு, சி துணையலகுகளால் ஆன சுழலும் சி வளையத்தின் வழியாகவே நடக்கிறது என்று மறுமொழி வரலாம். 2015இல் வெளியான அந்த வளையத்தின் மூலக்கூறு அமைப்புப் படத்தில், மருந்து சி வளையத்தில் புரோட்டான் அமரும் குளூட்டமேட்டை மூடியபடி இருக்கிறது. முழு நொதியின் 2021ஆம் ஆண்டு அமைப்புப் படத்தில், ஏ துணையலகுக்கும் வளையத்துக்கும் இடையிலும் அது ஆப்பாக இறங்கியிருக்கிறது. உறைந்த படம் அசைவுகள் எல்லாவற்றையும் காட்டாது என்பது சரிதான். ஆயினும் புரோட்டான் எந்த வழியே கசிகிறது என்று காட்டும் பொறுப்பு கசிவை முன்வைப்போருடையது.

நோயாளிகளிடம் எதிர்ப்புத்திறன் பெரும்பாலும் கிருமியின் ஆர்வி0678 மரபணுவில் தோன்றுகிறதே என்ற ஆட்சேபம் இங்கே பொருந்தாது. அந்தப் பிறழ்வு மருந்தை வெளியே தள்ளும் பம்பைப் பெருக்குகிறது. மருந்தின் இலக்கைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மிகுசெறிவில் செயற்கைச் சவ்வுகளில் அயனிகள் கடத்தப்படுவதை ஏற்கலாம். அதுவே கொலைக்குக் காரணம் என்று ஏற்க முடியாது.

இந்த வேறுபாடு சிகிச்சையைத் தொடுகிறது. பெடாகுயிலினை மையமாக வைத்த 6 மாதக் கூட்டுச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. அடுத்த துணை மருந்தை எங்கே தேடுவது? கசிவைப் பெருக்குவதில் என்றால், 1930களில் உடல் மெலிய டைநைட்ரோஃபீனால் உண்டவர்களில் சிலர் கடுங்காய்ச்சலில் இறந்ததை மறக்கக் கூடாது. அடைப்பே காரணம் என்றால், பிடி என்ற தப்பும் வழியை மூட வேண்டும். பிசிசி நொதியைத் தடுக்கும் டெலாசெபெக் தனியாகக் காசநோய்க் கிருமியைக் கொல்லத் திணறுவதும் பிடி சுமையை ஏற்றுக்கொள்வதால்தான். பெடாகுயிலினுக்கும் முதல் சில நாள்கள் கிருமி மடிவதில்லை. கொழுப்பு அமிலத்தில் வளர்த்தால் அந்தத் தாமதம் குறைகிறது. நுரையீரலில் கிருமி பெருமளவு உண்பதும் உடலின் கொழுப்பையே. எனவே பிடி தடுப்பான்களைப் பெடாகுயிலினோடு சேர்த்து, சர்க்கரை ஊட்டிய குடுவையில் அல்லாமல் கொழுப்பு ஊட்டிய வளர்ப்பில் முதலில் சோதிக்க வேண்டும்.