சொற்போரும் மக்கள் தீர்ப்பும்

சொற்போரைக் கேட்டுத் தீர்ப்பளிக்கும் மரபு தமிழர்க்குப் புதிதன்று. பட்டிமண்டபத்தை மணிமேகலையும் குறிப்பிடுகின்றது. தொலைக்காட்சி அம்மரபை இல்லந்தோறும் கொணர்ந்தது.

ஆஸ்திரேலியத் தலைவர்கள் தொலைக்காட்சியில் முதன்முதலாக வாதிட்டது 1984இல். வாதத்தில் சிறந்தவர் ஆண்ட்ரு பீகாக் எனப் பலர் கருதினர். தேர்தலில் வென்றவரோ பாப் ஹாக்.

மலேசியாவில் 2008 ஜூன் மாதம் பெட்ரோல் விலை லிட்டருக்கு 1 வெள்ளி 92 காசிலிருந்து 2 வெள்ளி 70 காசாக உயர்ந்தது. மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்வோர் மிகுந்த, பைராம் தோட்டம் போன்ற தோட்டப்புறங்களுக்கு அது பெருஞ்சுமை. ஜூலை 15இல் அன்வார் இப்ராஹிமும் தகவல் அமைச்சர் அகமட் சாபெரி சிக்கும் இதுபற்றித் தொலைக்காட்சியில் வாதிட்டனர். ஆட்சி மாறினால் மறுநாளே விலை குறையும் என்பதே வாதப் பொருள். ஆகஸ்டு 26இல், பினாங்கின் பெர்மாத்தாங் பாவ் இடைத்தேர்தலில் அன்வார் 15,671 வாக்குப் பெரும்பான்மையில் வென்றார். அது அவருடைய பழைய தொகுதியாதலின், வெற்றிக்கு வாதமொன்றே காரணமெனல் பொருந்தாது.

2022 நவம்பரில் அவர் பிரதமரானபின், எதிர்த்தரப்பினர் அப்பழைய வாக்குறுதியை எடுத்துக்காட்டி வினவினர். குடிமக்களுக்கு லிட்டர் 1 வெள்ளி 99 காசு என்னும் விலை 2025 செப்டம்பர் 30இல்தான் நடைமுறைக்கு வந்தது.

கைதட்டல் அன்றிரவே அடங்கும்; கொடுத்த சொல்லோ பல்லாண்டு கழிந்தும் கணக்குக் கேட்கும். மேடையேறும் மாணாக்கர் இதனை உணர்தல் நன்று.