செரண்டாவின் எல்லைக் கற்கள்

சிலாங்கூர் ஆறு தோன்றும் மேட்டுநிலம் உலு சிலாங்கூர். கடலொடு கலக்குமிடம் கோலசிலாங்கூர். ஆற்றின் மேற்பகுதியை உலு என்றும் கழிமுகத்தைக் கோலா என்றும் மலாய்மொழி வழங்கும். ஆற்றைக் கொண்டே நாட்டைப் பகுத்த பழைய வழக்கம் இம்மாவட்டப் பெயர்களில் இன்றும் நிற்கின்றது. ரவாங்கிற்கு வடக்கேயுள்ள செரண்டா, உலு சிலாங்கூர் மாவட்டத்து முக்கிம்களுள் ஒன்றாகும்.

ஆயினும், அங்குப் பால்வெட்டி வாழ்ந்த தமிழர்க்கு மாவட்டமும் முக்கிமும் தேவைப்படவில்லை. தோட்டத்தின் பெயரும் லயத்தின் எண்ணுமே அவர்தம் முகவரி. ஓடையும் தண்டவாளமும் கோயில் மரமுமே எல்லை. நிலப்பதிவேடோ இவற்றுள் ஒன்றையும் அறியாது. மாநிலம், மாவட்டம், முக்கிம், லாட் எண் ஆகியவற்றையே அது அறியும்.

மலாய் மக்களின் பழைய வழக்கப்படி, காட்டைத் திருத்தியவனுக்கே நிலம் உரியது. பயிர் நிற்கும்வரை உரிமையும் நிற்கும். விளைவில் பத்தில் ஒன்று அரசர்க்கு. இவ்வழக்கத்தை 1884-இல் விரிவாக எழுதியவர் வில்லியம் மேக்ஸ்வெல். அவரே 1889-இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்து அதனை மாற்றவும் முனைந்தது வரலாற்றின் விந்தையன்றோ! தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் 1858-இல் நடைமுறைப்படுத்திய முறையைத் தழுவி, 1891-இல் சிலாங்கூரில் நிலவுரிமைப் பதிவுச் சட்டம் பிறந்தது. நிலத்தைத் திருத்திய கை அம்முறையில் சான்றாகாது. ஏட்டில் ஏறிய பெயரே சான்று.

ரப்பருக்காகக் காடழித்த தமிழர் கூலிக்கே அழித்தனர். பழைய வழக்கு நீடித்திருப்பின் அவர்க்கு நிலம் கிடைத்திருக்கும் என்பது மிகை. 1966 ஜனவரி முதல் நடப்பிலுள்ள தேசிய நிலச் சட்டமும், எத்தனை ஆண்டு குடியிருப்பினும் அது நிலவுரிமை ஆகாதென்றே விதிக்கின்றது. 1950-களில் ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, அவை துண்டாடப்பட்டபோதுதான் பதிவேட்டின் கடுமையைத் தோட்ட மக்கள் நேரே கண்டனர். தொழிலாளரின் சிறுபணத்தைத் திரட்டித் தோட்டம் வாங்குவதற்கென, துன் சம்பந்தன் முன்னின்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியது இதனாலேயே.

தோட்டத்துக் கோயிலோ தமிழ்ப்பள்ளியோ எவருடைய நிலத்தில் நிற்கின்றது என்பதைத் தோட்டப் பெயரைக் கொண்டு தேடுவோர் வெறுங்கையோடு திரும்புவர். முதலில் நில அளவைத் துறையின் வரைபடத்தில் முக்கிமையும் லாட் எண்ணையும் காணல் வேண்டும். நான்கு ஹெக்டருக்கு மேற்படாத நாட்டுப்புற நிலத்தின் பட்டா, கோலகுபு பாருவிலுள்ள மாவட்ட நில அலுவலகத்தில் பதிவாகியிருக்கும்; அதனினும் பெரியது ஷா ஆலாமிலுள்ள மாநிலப் பதிவகத்தில். கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம். இங்கே பலர் வழி தவறுகின்றனர். கோயில் நிற்குமிடம் சிறிதாயினும், தனி லாட்டாகப் பிரிக்கப்படாதவரை அது பெருந்தோட்டத்து லாட்டினுள் அடக்கம். ஆகவே அதன் ஏடு ஷா ஆலாமில், நிலவுடைமையாளரின் பெயரில் இருக்கும். அளவை முடியாத நிலத்திற்கு வழங்கப்படும் தற்காலிகப் பட்டாவில் எல்லையும் தற்காலிகமானதே. எல்லைக்கல் நாட்டப்பெற்று, சான்றளிக்கப்பட்ட வரைபடம் வந்த பின்னரே அது உறுதியாகும். பள்ளிக்கு இடம் ஒதுக்கியதாகப் பழைய கடிதம் ஒன்று கையிலிருப்பின், அதில் லாட் எண் உண்டா என்பதையே முதலில் நோக்க வேண்டும்.